பாலம் தாண்டிய பிறகு

அக்கரப்பத்தனை
18.11.2024

தம்பி நிரஞ்சனுக்கு பிரியந்தி அக்கா எழுதுவது.

உங்கள் போன் நம்பர் வேலை செய்வதில்லை. நான்கு மாதம் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வட்டகொடையில் இருக்கும் உங்கள் அம்மாவிடம் ஆள் அனுப்பி இந்த விலாசத்தை வாங்கினேன். வத்தளையில் நஜீம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் கடிதம் எழுதி எத்தனை வருஷமோ. தபால் கந்தோரில் முத்திரை கேட்டபோது அங்கிருந்த பிள்ளை என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் வினோதாவைப் பார்த்தேன்.

எனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. என் தங்கச்சி, உங்கள் பெண்சாதி, செத்து ஒன்பது மாதமாகிவிட்டது என்று தெரியும். நான் பார்த்தது அவளுடைய ஹெல்மட்டை. ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை அதைப் போட்டிருந்தாள். கத்தரிப்பூ நிறம். பின்பக்கம் எழுத்தை அழிக்கும் டிப்பெக்ஸால் போட்ட வெள்ளைப் பூ, ஐந்து இதழ், ஒரு இதழ் மட்டும் பெரிசு. அந்தப் பூவை வினோதா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து போடும்போது நான்தான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அதனால்தான் அந்த இதழ் பெரிசாகிப் போனது. எனக்கு எப்படி மறக்கும்?

பையைப் போட்டுவிட்டு பைக்குக்குப் பின்னால் ஓடினேன். சனம் வேடிக்கை பார்த்தது. பைக் பாலத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

பைக் விழுந்ததில் அந்த ஹெல்மட் உடைந்துவிட்டது என்றுதானே எங்களிடம் சொன்னீர்கள்? உடைந்ததை யாருக்குக் கொடுத்தீர்கள்? போன மாதம் பள்ளிக்கூடத்தில் வீதிப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். மேல் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் ராசம்மா அக்காவின் மகன் கிஷாந்த், ஆகஸ்டில் ஹெல்மட் இல்லாமல் போய் விழுந்தானே, அதற்குப் பிறகுதான் வைத்தார்கள். ஒரு நேர்ஸ் வந்து பேசினார். ஒரு தடவை அடிபட்ட ஹெல்மட்டை மறுபடி போடக் கூடாதாம். வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கிற ரெஜிஃபோம் தக்கை நசுங்கிப் போயிருக்குமாம். அடுத்த அடியைத் தாங்காதாம். அந்தப் பிள்ளை யாரென்று தெரியவில்லை. ஆனால் அது தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு போகிறது.

அதே கூட்டத்தில் எங்கள் அப்பா எழுந்து, "என் மக ஹெல்மட் போட்டுக்கிட்டுத்தான் போனா. என்னாச்சு?" என்று கேட்டார். நேர்ஸ் பேப்பர்களை மடித்துப் பைக்குள் வைத்தார். கூட்டம் அப்படியே கலைந்துவிட்டது.

பதில் போடுங்கள்.

பிரியந்தி


வத்தளை
02.12.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

நம்பரை மாற்றியது உங்களால்தான். கோபிக்க வேண்டாம். போனில் உங்கள் குரலும் அவள் குரலும் ஒன்று. காரியம் முடிந்து ஒரு வாரத்தில் நீங்கள் எடுத்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்டீர்கள். நான் அவள்தான் என்று நினைத்து "இந்தா வாறேன், டீ ஊத்தி வை" என்று சொன்னேன். லைன் சரியில்லை என்று நினைத்து நீங்கள் வைத்துவிட்டீர்கள். நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். அங்கே யாரும் இல்லை. அடுத்த கிழமையே சிம்மை உடைத்துப் போட்டேன். கடிதம் என்றால் பரவாயில்லை. உங்கள் எழுத்து அவள் எழுத்து மாதிரி இல்லை.

ஹெல்மட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கத்தரிப்பூ நிறத்தில் எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள். டிப்பெக்ஸில் யார் வேண்டுமானாலும் பூப் போடலாம். அது உடைந்துவிட்டது. நான் வீசிவிட்டேன். தேட வேண்டாம் அக்கா.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். கடைக்கு நடந்துதான் போகிறேன், நாற்பது நிமிஷம். பைக் பக்கம் போவதில்லை. முதலாளி ஸ்கூட்டரில் ஏறச் சொன்னாலும் ஏறுவதில்லை. பஸ்ஸில் போனால் கடைசி சீட்டில், பின்தலை சுவரில் படுகிற மாதிரி உட்காருவேன். பின்னால் ஆள் இருந்தால் எனக்கு ஆகாது. பின்மண்டையில் ஒரு சத்தம் கேட்கிறது. யாரோ மெதுவாகத் தட்டுவது மாதிரி. டொக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டொக். காது டாக்டரிடம் காட்டினேன். ஒன்றுமில்லை என்றார்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மாமாவைக் கூட்டத்தில் அப்படிப் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். பாவம், அவர் ஏன் பேச வேண்டும்.

நிரஞ்சன்


அக்கரப்பத்தனை
29.12.2024

தம்பிக்கு,

தேட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். தேடிவிட்டேன்.

நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வட்டகொடைக்குப் போனேன். உங்கள் அம்மா பேச்சியம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வரும்வரை வாசலில் காத்திருந்தேன். நான் கேட்டதும் அவர் மறைக்கவில்லை. "கட்டிலுக்குக் கீழ சாக்குல சுத்தி வச்சிருந்தான். தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனான். நம்ம கீழ் லயத்து நிலக்ஷி தலவாக்கலைக்கு வேலைக்குப் போகுது. அண்ணன்காரன் பைக்குல ஒன்னும் போடாமப் போகுது. நம்ம வீட்டுல ஒரு புள்ள போனது போதாதா? சும்மா கெடக்குறத போட்டுக்கட்டுமேன்னு குடுத்தேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அங்கிருந்து நேரே நிலக்ஷியின் வீட்டுக்குப் போனேன். ஹெல்மட்டைக் கேட்டேன். "அக்கா, இதுல ஒரு கீறல்கூட இல்லியே, ஏன் போடக்கூடாதுங்கிறீங்க?" என்று கேட்டாள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஒரு கீறலும் இல்லை.

இரண்டு நாள் தா என்று கேட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, உள்துணியைக் கழற்றி, விரலால் அமுக்கிப் பார்த்தேன். எங்கேயும் நசுங்கவில்லை. வார் பிய்யவில்லை. கொக்கி போட்டால் நிற்கிறது. இரத்தக் கறை இல்லை. துணி மடிப்பில் ஒரு நீள முடி மட்டும் இருந்தது. நிலக்ஷியின் முடி கட்டையானது.

தம்பி, உங்கள் ஹெல்மட்டை நான் பொலிஸ் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் பெயின்ட் முழுக்கத் தேய்ந்து வெள்ளையாகிக் கிடந்தது. வினோதாவின் தலையை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். அந்தத் தலையில் இந்த ஹெல்மட் இருந்தது என்று யாராவது சொன்னால் நிலக்ஷிகூட நம்ப மாட்டாள்.

ஒரே கேள்விதான் கேட்கிறேன். அன்றைக்கு அவள் அதைப் போட்டிருந்தாளா?

பிரியந்தி


வத்தளை
14.01.2025

அக்கா,

இன்றைக்குப் பொங்கல். கடை பூட்டு. இந்தக் கடிதத்தை ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன். இதையும் கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

போட்டிருக்கவில்லை.

நாங்கள் எப்போதும் செய்கிறதுதான். தலவாக்கலைப் பாலத்துக்குக் கிட்ட பொலிஸ் நிற்கும். அதுவரைக்கும் இரண்டு பேரும் போட்டிருப்போம். அந்த ரோட்டில் குழி அதிகம். ஒவ்வொரு குழிக்கும் அவள் ஹெல்மட் என் ஹெல்மட்டின் பின்னால் வந்து இடிக்கும். டொக். ஏதாவது கதைக்க முன்னால் சாய்வாள், அப்போதும் இடிக்கும். எனக்கு அது எரிச்சல். பாலம் தாண்டியதும், "கழட்டிரு" என்பேன். கழற்றிக் கையில் மாட்டிக்கொள்வாள். பிறகு வட்டகொடை வரைக்கும் தாடையை என் தோளில் வைத்துக் கதைத்துக்கொண்டு வருவாள். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடிக்கும்.

அன்றைக்கு தலவாக்கலையில் அவள் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினோம். மூன்று மணிதான் இருக்கும். அதற்குள் பனி இறங்கிவிட்டது. பாலம் தாண்டியதும் சொன்னேன். அவள், "இருக்கட்டும்ங்க, பனியா இருக்கு" என்றாள். நான், "தட்டிக்கிட்டே வருது, தலை வலிக்குது, கழட்டு" என்றேன். கழற்றினாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கதைக்கவில்லை. கோபமா என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வளைவில் மழைக்கு வந்த சரளைக்கல் பரவிக் கிடந்தது. வேகம் முப்பதுகூட இல்லை. பைக்கின் முன்சில்லு வழுக்கியது. நான் ரோட்டுப் பக்கம் விழுந்து இழுபட்டேன். அவள் தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக் கொங்கிறீட்டில் விழுந்தாள். நான் எழுந்து நின்றேன் அக்கா. என் தலை ரோட்டில் அத்தனை தூரம் உரசியும் எழுந்து நின்றேன்.

எழுந்ததும் முதலில் அவளிடம் போனேன் என்று எழுத ஆசைப்பட்டுத்தான் நாலு கடிதம் கிழித்தேன். முதலில் ஹெல்மட்டைத்தான் தேடினேன். அவள் கையிலிருந்து கழன்று தேயிலைக்குள் விழுந்திருந்தது. பனிக்குள் ஆட்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. செடிக்குள் இறங்கி எடுத்து வந்து அவள் தலைமாட்டில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளைத் தொட்டேன். அப்போது மூச்சு இருந்தது. செடிக்குள் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அரை நிமிஷமா, ஒரு நிமிஷமா. ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கிறேன்.

பொலிஸில் வார் கழன்று தெறித்துவிட்டது என்றேன், அவள் ஹெல்மட்டை என்னிடமே தந்துவிட்டார்கள். உங்களிடம் உடைந்துவிட்டது என்றேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அழுகிறவனிடம் யார் கேட்பார்கள்?

ஹெல்மட்டை நிலக்ஷியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அடிபடவில்லை. நல்ல ஹெல்மட்.

நிரஞ்சன்


அக்கரப்பத்தனை
27.01.2025

நிரஞ்சன்,

உன்னைத் தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

ஹெல்மட்டை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் அதை வைத்திருந்த இரண்டு நாளும் நிலக்ஷி வெறும் தலையோடு வேலைக்குப் போயிருக்கிறாள். அதை நினைத்தே பார்க்காமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நீ அவளைக் கழற்றச் சொன்னதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. இந்த மலையில் பாலம் தாண்டியதும் கழற்றாதவர்கள் யார்? நானும் கழற்றியிருக்கிறேன். நீ தேயிலைக்குள் இறங்கியதை விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவள் கண் திறந்திருந்ததா? நீ போவதைப் பார்த்தாளா? இதற்குப் பதில் எழுதாதே. எனக்குத் தெரிய வேண்டாம்.

ஆனால் உன் பொய் உன்னோடு வத்தளைக்கு வரவில்லை. இங்கேயேதான் இருக்கிறது. அப்பா ஒரு வருஷமாக ரோட்டோரத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற பைக்காரனிடமெல்லாம், "அதெல்லாம் பொலிஸுக்குப் போடுறதுதான், என் மக போட்டுக்கிட்டே போய்ச் சேந்தா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பெற்ற அப்பன் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? எங்கள் தோட்டத்து டிவிஷனில் இப்போது ஹெல்மட் போடுகிற ஆள் நாலு பேர்கூட இல்லை.

கிஷாந்தைப் பற்றி முதல் கடிதத்தில் எழுதினேன். நீ ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இருபத்தாறு வயசு. உன் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டியவன். ஆகஸ்டில் அவன் புறப்படும்போது ராசம்மா அக்கா ஹெல்மட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அவன் வாங்கவில்லை. "அழகுமுத்து மாமா மக போட்டுக்கிட்டுத்தான் செத்துச்சு, விடும்மா" என்று எங்கள் அப்பா பெயரை எடுத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் ராசம்மா அக்கா இதை என்னிடம் சொல்லி அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாக்கா, விதி இருந்தா எது போட்டும் என்ன" என்று ஆறுதல் சொன்னேன். என் வாயால் சொன்னேன் நிரஞ்சன்.

அவன் சாகவில்லை. ஆனால் விழுந்த நாளுக்குப் பிறகு எதுவும் அவன் மனசில் நிற்பதில்லை. காலையில் சாப்பிட்டதைப் பத்து மணிக்குக் கேட்டால் தெரியாது. விழுவதற்கு முந்தின சில மாதமும் போய்விட்டது, வினோதா செத்ததுகூடத் தெரியாது. சின்ன வயசுக் கதை எல்லாம் சொல்கிறான். நேற்று வந்தவர்களை இன்றைக்குப் புதிதாக வா என்கிறான்.

பதினாறாம் தேதி வினோதாவின் திவசம். வா. அப்பாவிடமும் லயத்து ஆட்களிடமும் உன் வாயால் சொல். நான் சொல்லலாம். நான் சொன்னால் அப்பா அதைப் பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிடுவார்.

வராவிட்டால் உன் கடிதத்தைக் கோயிலில் வைத்து நான் வாசிப்பேன்.

பிரியந்தி


வத்தளை
05.02.2025

அக்காவுக்கு,

வருகிறேன்.

பொலிஸிலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். முதலாளியிடம் நேற்றுச் சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான். அவர் கல்லாவைப் பூட்டினார். பிறகு, "போயிட்டு வா, நிரஞ்சன்" என்றார்.

மாமா என்னை அடித்தால் யாரும் பிடிக்க வேண்டாம்.

நிரஞ்சன்


வத்தளை
24.02.2025

அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பொலிஸில் வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள், கூப்பிட்டால் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமா எப்படி இருக்கிறார்?

அவர் என்னை அடித்திருக்கலாம். திவசத்தன்று லயத்து ஆட்களுக்கு முன்னால் நான் சொல்லி முடித்ததும், "கடைசியா என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டார். "இருக்கட்டும்ங்க, பனியா இருக்குன்னு சொன்னா மாமா" என்றேன். அவர் அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். கதவைக்கூட சாத்தவில்லை. அந்தத் திறந்த கதவுக்கு முன்னால் நின்றதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். போகவில்லை. ராசம்மாக்கா ரோட்டில் வந்து என்னை மறித்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான். சத்தம்கூட உயரவில்லை. பிறகு, "வீட்டுக்கு வாங்க. எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவன்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

கிஷாந்த் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். என்னைத் தெரிந்தது. "நிரஞ்சண்ணே, வாங்க, வினோதாக்கா வரலியா?" என்று கேட்டான். ராசம்மாக்கா உள்ளே போய்விட்டார். நான் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. "அப்ப அந்தக்கா ஹெல்மட் போடலியா?" என்றான். "போடல. நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் அழுதான்.

பிளேன்டீ வந்தது. குடித்து முடித்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "எப்ப வந்தீங்க? வினோதாக்கா வரலியா?"

மறுபடி சொன்னேன். அவன் மறுபடி அழுதான். பொழுது சாய்கிறவரைக்கும் ஏழு தடவை சொன்னேன் அக்கா. மாமாவிடம் சொல்லும்போது இருந்த நடுக்கம் மூன்றாவது தடவையில் போய்விட்டது. ஐந்தாவது தடவையில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரிந்தது. ஒரு வருஷமாகத் தெரியாத முகம்.

பௌர்ணமிப் போயா நாளில் கடை பூட்டு. ஒவ்வொரு போயாவுக்கும் வரலாமா என்று ராசம்மாக்காவிடம் கேட்டேன். "வந்து என்ன செய்வீங்க?" என்றார். "சொல்வேன்" என்றேன். யோசித்துவிட்டு, "மத்தியானச் சோத்துக்கு வந்துருங்க" என்றார்.

உங்கள் வீட்டு வாசலுக்கு வர மாட்டேன். மேல் ரோட்டால் போய் மேல் ரோட்டால் திரும்புவேன்.

நிரஞ்சன்


அக்கரப்பத்தனை
19.05.2025

நிரஞ்சன் தம்பிக்கு,

பங்குனிப் போயாவுக்கும் சித்திரைப் போயாவுக்கும் நீங்கள் வந்து போனதைப் பார்த்தேன். போன வாரம் வெசாக் போயாவுக்கு நல்ல மழை. அன்றைக்கும் மேல் ரோட்டில் குடையோடு போனீர்கள். கூப்பிடவில்லை. கூப்பிட மனம் வரவில்லை. அதைப் பொய்யாக எழுத மாட்டேன்.

அப்பா இப்போது ரோட்டோரத்தில் உட்காருவதில்லை. பைக் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். ஒரே ஒரு நாள் மட்டும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லாரும் நிற்கும்போது, "நான் இத்தன நாளா சொன்னது பொய்யி. எம் மக வெறுந்தலையோடதான் போனா" என்று சொன்னாராம். நான் அங்கே இல்லை. எங்கள் லயத்திலிருந்து வேலைக்குப் போன ஷாமிலா வந்து சொன்னாள். உங்கள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்கிறார். உங்களை மன்னிப்பார் என்று நினைக்க வேண்டாம். நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியாது. சில நாள் காலையில் எழும்போதே அந்தத் தேயிலைச் செடிதான் கண்ணில் நிற்கிறது. அதற்குள் நீங்கள் நிற்கிறீர்கள்.

லயத்தில் ஹெல்மட் போடுகிறவர்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். எல்லாரும் இல்லை. மழை என்றால் போடுகிறார்கள், வெயில் என்றால் கழற்றுகிறார்கள்.

நான் எழுத வந்தது வேறு விஷயம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தேன். ராசம்மா அக்கா ஓடி வந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. வாய் கோணிப்போய் இருந்தது. கிஷாந்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவன் படியில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வீட்டு நிரோஷன் பைக்கை எடுத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் புறப்பட்டிருக்கிறான். பின்னால் அவன் பெண்சாதி. அவன் போட்டிருந்தான், அவள் போடவில்லை. கிஷாந்த் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தவன், திடீரென்று எழுந்து போய் பைக்கின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டானாம். விடவில்லையாம். நிரோஷன், "என்னடா?" என்று கேட்டிருக்கிறான்.

"வினோதாக்கா போடல. நிரஞ்சண்ணன் கழட்டச் சொல்லிட்டாரு" என்றானாம்.

யாரும் கேட்காமல். நீங்கள் வந்து போய் ஆறு நாளுக்குப் பிறகு.

நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "யார் சொன்னது கிஷாந்த்?" என்று கேட்டேன். யார் சொன்னது, எப்போது சொன்னது, ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் வந்ததும் ஞாபகம் இல்லை. ஆனால் நான் கேட்கக் கேட்க அதையே சொன்னான். "அந்தக்கா போடலக்கா." பொழுது சாயக் கேட்டேன். சொன்னான். இன்று காலையில் வேலைக்குப் போகும் வழியில் நின்று கேட்டேன். சொன்னான்.

கிளினிக் டாக்டரிடம் வியாழக்கிழமை கூட்டிப் போகிறோம். விழுந்ததற்குப் பிறகு அவன் மனசில் நின்ற முதல் விஷயம் இதுதான். ராசம்மா அக்கா சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறார். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால், "ரெண்டும்தான் புள்ள" என்கிறார்.

நிரோஷனின் பெண்சாதி இறங்கிவிட்டாள். பஸ்ஸில் போனாள்.

பொசன் போயாவுக்கு வாருங்கள். இனிச் சொல்லத் தேவையில்லை என்று இருந்துவிட வேண்டாம். அவன் உங்களைக் கேட்கவில்லை, ராசம்மா அக்காதான் கேட்கிறார். வரும்போது கீழ் ரோட்டால் வாருங்கள். மேல் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, நடக்க முடியாது. கீழ் ரோடு எங்கள் வாசலால்தான் போகும். அப்பா உள்ளே போய்விடுவார். நான் வாசலில்தான் இருப்பேன்.

பிரியந்தி அக்கா